ஞானமேரி கீறிய தட்டு

கார் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தபோது, விழுப்புரத்துக்குப் போக வேண்டிய ஆட்களெல்லாம் தயாராக இருந்தார்கள். போக வேண்டிய பொருளைத்தான் காணவில்லை!

"பூட்டுன பீரோடா! சாவி எங்கிட்ட இருக்குது. அப்புறம் தட்டு எங்கடா போவும்? காலு மொளச்சி நடந்து போச்சா?"

திண்டிவனத்து வீட்டின் கூடத்தில் நின்று பெரியநாயகம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்துகொண்டது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"பொறுமையா தேடலாம்ப்பா..." என்றான் மகன் அந்தோணி பிரபு.

"இன்னாத்த தேடறது? எடுத்தவங்கள கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது!"

சொல்லும்போது அவர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அது யாருக்கான வார்த்தை என்று எல்லோருக்கும் தெரியும். காப்பித் தம்ளரோடு அடுப்படி நிலையில் நின்றிருந்த ஞானமேரி, அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவள் நகர்ந்த பிறகுதான் அவர் எடுத்தார். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் காப்பி அப்படித்தான் கைமாறும். அவள் கையிலிருந்து அவர் எதையும் வாங்கமாட்டார். சோறானாலும் சரி, மாத்திரையானாலும் சரி, எங்காவது வைத்துவிட்டு அவள் விலக வேண்டும்.

எல்லாம் அந்தத் தட்டால் வந்த வினை.

இளவயதில் பெரியநாயகம் கோயில் பாடற்குழுவில் வயலின் வாசித்தவர். புதுச்சேரியில் இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அவர் கையில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவைக் கொடுத்து, வேறு மூன்று பேரோடு சேர்த்து நால்வர் குழு ஒன்றை அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. நாலைந்து பேருக்காக எழுதப்பட்ட ஐரோப்பாவின் பழைய அறையிசை ஒன்றை வாசித்து ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். விற்பதற்கு அல்ல, ஆசைக்கு. சொற்பப் பிரதிகள்தான். பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போய்விட்டார், குழு கலைந்தது, மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராய்க் காலமானார்கள். தான் ஒருகாலத்தில் அப்படி வாசித்ததற்கு பெரியநாயகத்திடம் மிச்சமிருந்த சாட்சி அந்தக் கறுப்புத் தட்டு ஒன்றுதான்.

அந்தச் சாட்சிக்கும் வாயில் அடி விழுந்திருந்தது. தட்டில் ஓரிடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். முள்ளை வைத்தால் அங்கே டக்டக்கென்று குதித்து, வியோலாவும் செல்லோவும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் பகுதியை முழுசாகத் தாண்டி ஓடிவிடும். செல்லோ வாசித்தவள் ஷாந்தால் என்ற புதுச்சேரிப் பெண். கீறியவள் கட்டிய மனைவி. இதற்குமேல் விளக்கம் வேறு வேண்டுமா என்பது பெரியநாயகத்தின் கட்சி.

விழுப்புரத்தில் தேவநாதன் என்று ஒருவர் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார் என்று கண்டுபிடித்தவள் மருமகள் டயானா. நேற்று சாப்பிடும்போது அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "மாமா, அவரு போன்லயே சொல்லிட்டாரு. பூதக்கண்ணாடியில பாத்தா கீறல் எதனால விழுந்ததுன்னே சொல்லிடுவாராம்!" அதைக் கேட்டதும் ஞானமேரியின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அதைப் பார்த்துவிட்ட ஒரு ஜோடிக் கண் ஜெசிந்தாவுடையது.

ஜெசிந்தா பெரியநாயகத்தின் கடைசித் தங்கை. அவர் தூக்கி வளர்த்தவள். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அண்ணன் வாயால் சொல்லாததைக்கூட அவள் எடுத்துக்கொடுப்பாள்.

"அண்ணி மூஞ்சியப் பாருண்ணே... நேத்து விழுப்புரம்னு பேச்செடுத்ததுலேர்ந்து பேயறஞ்ச மாதிரி இருக்குது. மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்?"

"அத்தை..." மாமியாரைக் கூப்பிட்ட டயானாவின் குரல் உள்ளறையிலிருந்து தயங்கித் தயங்கி வந்தது. "மல்லாட்டை மூட்டைய நேத்து நான்தானே வாயத் தச்சி வச்சேன்? யாரு அவுத்தது?"

எண்ணெய் ஆட்டுவதற்காக ஒலக்கூரிலிருந்து வாங்கி வந்த நிலக்கடலை மூட்டை அது. டயானா கையை உள்ளே விட்டாள். ஒரு தலையணை உறை வந்தது. உறைக்குள்ளே அந்தத் தட்டு!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மல்லாட்டையில் மறைப்பதும் அவ்வளவு சுலபமாக இல்லை. பெரியநாயகம் குளிக்கப் போனபோது கொக்கியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, ஞானமேரி செய்த காரியம் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

"பாத்தியாடா? உங்கம்மா லட்சணத்த பாத்தியா? ஒருவாட்டி கீறுனது பத்தலன்னு இப்ப மொத்தமா ஒழிச்சிக்கட்டப் பாத்துருக்கா!"

கணவன் சொன்னது அவளுக்குப் பழகிப்போன அடி. ஆனால் அடுத்து வந்தது பழகாதது.

"அம்மா... நீயா?" மகனின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா சொல்றத நான் ஒருநாளும் நம்புனதில்லம்மா... கைதவறித்தான் பட்டிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னாம்மா இது?"

பெற்ற பிள்ளையும் சந்தேகப்பட்டுவிட்டான்! சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் சொல்லக்கூடாது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நானும் விழுப்புரம் வர்றேன்" என்றாள்.

"எதுக்கு? அங்க வந்து ஒடைக்கவா?" என்றாள் ஜெசிந்தா.

கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. முன்சீட்டில் பெரியநாயகம் தட்டைக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தார். அவருக்குச் சந்தேகம் மனைவிமேல் மட்டும் அல்ல. தேவநாதன் தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டால்? அதற்காகத் தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் பொடியாக ஒரு சிலுவை போட்டு வைத்திருந்தார்.

பின்சீட்டில் ஜன்னலோரம் ஒடுங்கியிருந்த ஞானமேரியின் மனம் அவர்களுக்கு முன்னாலேயே விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ்... அந்தப் புயல்...

பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்த நாள் அது. அவர் டூட்டிக்குப் போயிருந்தார். வண்டியெல்லாம் அங்கங்கே நின்றுவிட்டது என்று தகவல். ஞானமேரி பிள்ளை பெற்ற உடம்போடு, காய்ச்சலில் உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். மாமியார் சவுரியம்மாள் திருஇருதயப் படத்துக்கு முன்னால் மந்திரித்த திரியைக் கொளுத்தி வைத்தார். காணிக்கை மாதா திருநாளில் கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த மஞ்சள் தேன்மெழுகுத் திரி. புயலுக்கும் சாவுப் படுக்கைக்கும் மட்டும்தான் அது எரியும். சவுரியம்மாளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

படத்துக்கு நேர் கீழேதான் ரிக்கார்டு பெட்டி. அதன்மேல் தட்டு திறந்து கிடந்தது. காற்றில் திரி சாய்ந்து சாய்ந்து எரிய, மெழுகு சொட்டுச் சொட்டாகத் தட்டின்மேல் விழுந்திருக்கிறது. புயல் ஓய்ந்தபிறகு சவுரியம்மாள் அதைப் பார்த்தார். மந்திரித்த மெழுகு குப்பைக்குப் போகக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. கோயிலுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். பழம் நறுக்கும் கத்தியை எடுத்து, செபம் சொல்லிக்கொண்டே ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்துவிட்டார்!

"ஐயையோ அத்தை!" என்று ஞானமேரி எழுந்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏண்டி கத்துற? தொடச்சிட்டேன் பாரு, பளபளன்னு இருக்குது" என்றார் அந்த வெள்ளை மனசுக்காரி.

மறுநாள் கணவர் வந்து முள்ளை வைத்தார். டக்... டக்... டக்... "எவ கைய வச்சது?" என்று வீடு அதிரக் கத்தினார். அடுப்படிக் கதவின் பின்னால் மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏற்கெனவே பலவீனமான இருதயம். மருமகளைப் பார்த்துக் கைகளைக் குவித்தார். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஞானமேரியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது:

"நான்தாங்க... கைதவறி..."

"கைதவறுனா இத்தினி கீறலா? அதுவும் சரியா அந்த எடத்துலயா? அவளும் நானும் வாசிக்கறது உனக்கு அப்டி எரியுதாடி?"

அன்றைக்கே வியோலாவைப் பெட்டியோடு யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் அவள் கையில் வாங்குவதை நிறுத்தினார். அடுத்த தவக்காலத்தில் சவுரியம்மாள் படுக்கையில் விழுந்தபோது, மருமகளின் கையைச் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின்மேல் வைத்து அழுத்திக் கேட்டார்: "சொல்லிடாதடி மேரி... எம்புள்ள என்ன வெறுத்துட்டா எனக்கு மோட்சத்துலகூட நிம்மதி இருக்காதுடி..." மகன் மடியில் தலைவைத்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அந்த நிம்மதிக்கு விலை இன்றுவரை மேசையில் வைக்கப்படும் காப்பி.

பெரியநாயகத்துக்கு அம்மா என்றால் தெய்வத்துக்கு அடுத்தபடி. இந்த வயதில் போய் அந்தத் தெய்வத்தை உடைப்பதா? அதற்குப் பயந்துதான் தட்டு மல்லாட்டைக்குள் போனது.

தேவநாதனின் இடம் ரயில்வே ஸ்டேஷன் போகும் சாலையில் ஒரு மாடி. பெரியநாயகம் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தட்ட வுட்டுட்டுப் போவமாட்டேன் சார். இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

"தாராளமா உக்காருங்க ஐயா. உங்க கண்ணு முன்னாடியே பண்றேன்" என்று சிரித்தார் தேவநாதன். தட்டை வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடி கேமராவை நகர்த்தினார். திரையில் தட்டின் வரிகள் உழுத வயலைப்போலப் பெரிதாகத் தெரிந்தன. கீறல் வந்த இடத்தில் அவர் கை நின்றது.

"கத்தி பட்டிருக்குது... ஆனா கோவத்துல கீறுன மாதிரி தெரியலயே..."

"கத்திதான் சார்!" ஞானமேரி பாய்ந்துகொண்டு சொன்னாள். "நான்தான் கீறுனேன். இதுல இன்னா ஆராய்ச்சி? பாட்ட மட்டும் எடுத்துக் குடுங்க."

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா அண்ணனின் தோளில் இடித்தாள். "கேட்டியாண்ணே? கேக்காமலே ஒத்துக்குது! இதுல வேற இன்னாவோ இருக்குது..."

டயானா மட்டும் மாமியாரை உற்றுப் பார்த்தாள். தப்பு செய்தவள் மூடி மறைப்பாள். இவள் ஏன் வலிய வந்து தலையைக் கொடுக்கிறாள்?

தேவநாதன் தட்டைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்தார். பிறகு தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை அதன்மேல் ஊற்றி, தோசை மாவைப்போல வட்டமாகப் பரப்பினார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற?" பெரியநாயகம் எழுந்தேவிட்டார்.

"பயப்படாதீங்க ஐயா. காஞ்சதும் உரிச்சா வரிக்குள்ள இருக்கற அழுக்கெல்லாம் அதோட வந்துடும். சாயங்காலம் வரைக்கும் ஃபேன்ல காயணும்."

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பெரியநாயகம் அசையவில்லை. பொட்டலம் கட்டி வந்த சாப்பாட்டை ஞானமேரி மேசையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். தேவநாதன் அதைக் கவனித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெயில் தாழ்ந்தபோது பசை கண்ணாடித் தாளாகிவிட்டிருந்தது. தேவநாதன் ஓரத்தைக் கிள்ளி இழுக்க, பசைத்தோல் முழுசாக உரிந்து வந்தது. தட்டு புதுசாக மின்னியது. அவர் அந்தத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீறல் இருந்த இடத்துக்கு நேராக மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள்!

ஒன்றைக் கிள்ளி விரலில் தேய்த்து முகர்ந்தார். "மெழுகு. கடையில விக்கற வெள்ளை மெழுகுவத்தி இல்ல. தேன்மெழுகு."

ஞானமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க ஐயா. கீறல் எல்லாம் சின்னச் சின்னதா, மெழுகு விழுந்த எடத்த சுத்தி மட்டும்தான் இருக்குது. தட்ட ஒழிக்கணும்னு நெனச்சவங்க இப்டிக் கீறமாட்டாங்க. யாரோ மெழுக சுரண்டி எடுத்திருக்காங்க. பத்திரமா, பொறுமையா..."

"தேன்மெழுகா?" ஜெசிந்தா முன்னால் வந்தாள். எதையாவது சொல்லி அண்ணியை மடக்க வேண்டும் என்ற வேகத்தில் வார்த்தை கொட்டியது. "தேன்மெழுகு எங்கம்மா மட்டும்தானே வச்சிருப்பாங்க! புயலு ஓஞ்சி அம்மாகூட ஒரு பொட்டலம் குடுத்து, 'மந்திரிச்ச மெழுகுடி, கீழ போட்டுடாத, ஜல்தியா கோயிலுக்குப் போயி உபதேசியார் கையில குடுத்துட்டு வா'ன்னு என்ன அனுப்புனாங்களே... மஞ்சளா, தூளா..."

பாதியில் அவளுக்கே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெரியநாயகம் மெல்லத் திரும்பினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மனைவியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"மேரி... இத கீறுனது யாரு?"

"நான்தாங்க."

"மந்திரிச்ச திரிய உன்ன தொடவுடுவாங்களா எங்கம்மா?"

"நான்தான்னு சொல்றேன்ல! வுட்டுடுங்க... உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன், இத்தோட வுட்டுடுங்க..."

"இன்னுமாடி?" அவர் குரல் உடைந்தது. "எங்கம்மா மண்ணாப் போயி இத்தினி வருசம் ஆச்சி... இன்னுமாடி அவங்கள காப்பாத்திக்கினு நிக்கிற?"

அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. ஞானமேரி முகத்தை மூடிக்கொண்டு அழவில்லை. நிமிர்ந்து நின்று, கண்ணீர் வழிய வழியக் கேட்டாள்.

"ஒருவாட்டி... ஒரே ஒருவாட்டி, 'ஏண்டி கீறுன?'ன்னு கேட்டீங்களா? நீங்களே ஒரு கத கட்டுனீங்க, நீங்களே தீர்ப்பு சொன்னீங்க. எனக்குப் பொறாமையாம்! அந்த எடம் எனக்கு எவ்ளோ புடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னா சொல்ற?"

"அன்னிக்கித் தட்ட எடுத்து வெளிய வச்சது யாருன்னு நெனச்சீங்க? நான்தான்! நீங்க டூட்டிக்குப் போனப்புறம் தெனமும் போட்டுக் கேப்பேன். காய்ச்சல்ல கெடந்தேன், புயலடிக்குது, நீங்க எந்த ஊர்ல மாட்டிக்கினு இருக்கீங்களோன்னு பயம்... அந்த எடத்துல உங்க வாசிப்பு வரும்ல, அத கேட்டா நீங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். கரண்ட்டு போச்சி. மூடி வைக்க எழுந்திரிக்க முடியல. மூடியிருந்தா மெழுகு வுழுந்திருக்குமா? அதான் சொல்றேன், நான்தான் கீறுனேன். அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. சாமிப் பொருளு குப்பைக்குப் போவக்கூடாதுன்னு செஞ்சாங்க. சாவும்போது சுரூபத்து மேல என் கைய வச்சி..."



"அண்ணி!" ஜெசிந்தா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "பாவி அண்ணி நானு... அந்தப் பொட்டலத்த கையில எடுத்துக்கினு போனதே நான்தான்... தெரியாம உன்ன இத்தினி நாளு..."

"எழுந்திரு ஜெசி. நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?" என்று அவளைத் தூக்கினாள் ஞானமேரி. அந்தோணி பிரபு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையில் கேட்ட கேள்விக்காக விம்மினான்.

பெரியநாயகம் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கோபப்பட ஆளில்லாமல் போய்விட்டது அவருக்கு. அம்மாவின்மேல் கோபம் வரும் என்றுதானே இவள் பயந்தாள்? தேடிப் பார்த்தார், வரவில்லை. வந்ததெல்லாம் தன்மேல்தான்.

"ஐயா" என்றார் தேவநாதன் தாழ்ந்த குரலில். "வெட்டி ஒட்டி சுத்தம் பண்ண எனக்கு இன்னும் வேல இருக்குது. இருந்தாலும் இப்ப ஒருவாட்டி கேட்டுடுங்க."

தட்டு சுழன்றது. முள் இறங்கியது. நாலு வாத்தியங்களும் சேர்ந்து எழுந்தன. அந்த இடம் நெருங்கியது. டப்பென்று ஒரு சத்தம், இன்னொரு சத்தம்... தேவநாதனின் விரல் முள்ளை மெல்லத் தாங்கிப் பிடித்தது. அது குதிக்கவில்லை. வயலின்கள் ஓய்ந்தன. செல்லோ அடியில் ஓட, அதன்மேல் தழைந்த குரலில் ஒரு வியோலா பாடத் தொடங்கியது.

"நான்..." என்றார் பெரியநாயகம். "இது நான்தான்..."

"தெரியும்" என்றாள் ஞானமேரி.

அவருடைய இடதுகை விரல்கள் மேசை விளிம்பில் இல்லாத தந்திகளைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தன. பகுதி முடிந்து வயலின்கள் திரும்பி வரும்வரை கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

கீழிருந்து டீ வந்தது. டயானா ஒரு கப்பை மாமியாரிடம் நீட்டி, "மாமாவுக்குக் குடுங்க அத்தை" என்றாள். ஞானமேரி பழக்கத்தில் அதை அவர் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அவர் எடுக்கவில்லை. கையை நீட்டியபடி இருந்தார்.

"கையில குடு மேரி."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கிட்டே வந்து கப்பை எடுத்து நீட்டினாள். கைமாற்றிப் பழக்கம் விட்டுப்போனதில் பாதி டீ அவர் விரல்களில் கொட்டியது. கப்பையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்திருந்த அவர், சுடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை விடவும் இல்லை.